பதினாறு படி

கீழ்க் கடைக்கு வாடகை பதினெட்டாயிரம்,
மாடிக்கு ஏழு.
ஏழுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு
இறங்கி வரும்போதுதான் எண்ணினேன்:
பதினாறு படி.
முட்டி வலிக்காரர்களுக்கு ஒரு கிளினிக்,
பதினாறு படிக்கு மேலே.

ராயக்கோட்டை ரோட்டில் போர்டு எழுத வந்த குப்புராஜ்
பிரஷ்ஷை நனைத்துக்கொண்டே கேட்டார்,
"முன்னால டாக்டர்னு போடவா, வேணாமா?"
படித்த நாலரை வருஷத்தையும்
அவர் ஏணிக்குக் கீழே நின்று யோசித்தேன்.
பேர் மட்டும் போடுங்க என்றேன்.
மிஞ்சிய இடத்தில் அவராகவே
ஒரு முதுகெலும்பு வரைந்தார்.
கழுத்தில் ஒன்பது எலும்பு.
எல்லோருக்கும் ஏழுதான்.
அழிக்கச் சொல்லவில்லை. எண்ணூறு ரூபாய்.

முதல் மாதம் படியேறியவர்கள் ஐந்து பேர்.
அதில் இரண்டு பேர் வழி கேட்க.
ஒருவர், புத்தூர்க் கட்டு இங்கதானா என்று.
ஊசி இல்லை, மாத்திரை இல்லை,
கையைத் தூக்கு, இறக்கு, இருநூற்றைம்பது கொடு.
"இத நான் வீட்லயே செஞ்சிக்க மாட்டனா?"
செஞ்சிக்க மாட்டீங்கம்மா,
அதுக்குத்தான் இருநூத்தம்பது.
இதைச் சொல்ல வாய் வருவதற்கு
எனக்கு ஒரு வருஷம் ஆனது.

எலும்பு டாக்டரின் ஆள் வந்து உட்கார்ந்தான்.
"நாங்க அனுப்பறோம். நூத்துக்கு நாப்பது."
கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்,
பொய் சொல்வானேன், இரண்டு முறை.
மெஷின் தவணை ஐந்தாம் தேதி.
முடியாது என்று சொல்லி அனுப்பிய அந்த மாலை
உருக்கி வைத்த மெழுகில்
என் கையையே முக்கி எடுத்தேன்,
சூடு வீணாகக் கூடாதென்று.

மாங்கூழ் ஆலை ஓடத் தொடங்கியதும் தோள்கள் வந்தன.
குவாரியிலிருந்து இடுப்புகள்.
ஓசூர் தாண்டி லாரி ஓட்டும் கழுத்துகள்.
"கரண்ட் வைக்கிற கடை" என்று பேராயிற்று.
"இன்னும் கொஞ்சம் கூட்டி வை தாயி,
அம்பது ரூபா சேத்துத் தரேன்."

அப்புறம் திம்மராயப்பா.
ஆட்டோவிலிருந்து மகள் நாகவேணி இறக்கினாள்.
வலது பக்கம் முழுக்க விழுந்து, வாய் கோணி.
படியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
நான் எங்கே பார்ப்பது?

கீழே சனாவுல்லா பாயின் மெத்தைக் கடை.
"பிளாஸ்டிக்கப் பிரிக்காம படுக்க வைங்க,
பிரிச்சா வெலை போவாது" என்றார்.
மதியம் ஒன்றரைக்கு, ஆள் வராத நேரத்தில்,
ஆறங்குல மெத்தையில் அவரைக் கிடத்தி
ஒரே ஒரு விரலை நீட்டச் சொல்லி
இருபத்து மூன்று நாள் கெஞ்சினேன்.
பிளாஸ்டிக் சரசரத்தது, அவ்வளவுதான்.
இருபத்து நாலாம் நாள்
பாய் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார்.
"அசஞ்சுதும்மா. நான் பாத்தேன்."
நான் பார்க்கவில்லை. நம்பவுமில்லை.
மறுநாள் பார்த்தேன்.

பிறகு படி.
சுவரில் பென்சிலால் தேதி போட்டோம்.
முதல் படி ஆடியில்.
ஏழாவது, தீபாவளிக்கு நாலு நாள் முன்னே.
பதினொன்றில் ஒரு தேதியை அடித்து
மறுபடி எழுதியிருக்கிறது, அன்று சறுக்கினார்.
பதினாறுக்கு நேரே சுவர் வெறுமை.
அதற்குள் வருவதை நிறுத்திவிட்டார்.
நோட்டில் அவர் பேருக்கு எதிரே
இரண்டு வாரம் புள்ளி வைத்தேன்,
மூன்றாம் வாரம் அந்த மணியை
வேறொரு முதுகுக்குக் கொடுத்தேன்.

மாசியில் ஒருநாள், சந்தையில்.
அவரைக்காய்க் குவியலுக்கு முன்னால்
பத்து ரூபாய் சில்லறைக்குச்
சண்டை போட்டுக்கொண்டிருந்தார்,
வார்த்தை ஒன்றுகூட வழுக்காமல்.
வலது கையில் பை.
கண்ணாலேயே நிறுத்தேன்: மூன்று கிலோ இருக்கும்.
ஒன்றரைக்கு மேல் தூக்கக் கூடாதென்று
நான்தான் சீட்டில் எழுதி
அடியில் கோடும் போட்டிருந்தேன்.

கூப்பிடவில்லை.